நாலரை மணிக்கு ரீஸ்டார்ட்

மணி இரண்டே முக்கால். இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் ஆபீசின் முந்நூற்று நாற்பது கம்ப்யூட்டர்களும் தாமாகவே அணைந்து தாமாகவே எழுந்துகொள்ளும். அப்படி உத்தரவு போட்டு வைத்தவன் பூபதியேதான். போன புதன்கிழமை எல்லோருக்கும் மெயில் அனுப்பினான்: பிரவுசர் புதுப்பிக்கப்படுகிறது, திங்கட்கிழமை மாலை நாலரைக்கு ரீஸ்டார்ட், அதற்குள் அவரவர் வேலையைச் சேமித்துக்கொள்ளவும், விதிவிலக்கு யாருக்கும் கிடையாது. கடைசி வரியைத் தடித்த எழுத்தில் வேறு போட்டான். தன் லேப்டாப்பும் அந்த முந்நூற்று நாற்பதில் ஒன்று என்பது அப்போது அவனுக்கு உறைக்கவே இல்லை. இன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது திரையின் மூலையில் சின்னதாக ஒரு கட்டம் எழும்பி, உங்கள் கம்ப்யூட்டர் நாலரைக்கு ரீஸ்டார்ட் ஆகும் என்றது. அவன் எழுதிய வாக்கியம்தான். வாயில் வைத்த ரசஞ்சோறு அப்படியே நின்றது. கோயம்புத்தூர் கணபதியில் இந்த இரண்டாம் மாடி வீட்டின் சாப்பாட்டு மேஜைதான் இப்போது அவனுக்கு ஆபீஸ். லேப்டாப்புக்கு அடியில் காற்று போகட்டும் என்று இரண்டு தீப்பெட்டிகளை முட்டுக் கொடுத்திருக்கிறான், இருந்தும் விசிறி இரைந்துகொண்டே இருக்கிறது. பதினொரு நாளாக இரைகிறது. ஊரில் எந்த மெஷின் சூடேறினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள், அவனும் அலுக்காமல் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, எது எவ்வளவு தின்கிறது என்று வரிசைப்படுத்தி, மேலே இருப்பதை மூடச் சொல்வான். பத்து வருஷமாக அவன் பிழைப்பே அதுதான். இப்போது அவன் மெஷினில் அதே வரிசை திறந்திருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிற வரி, டேப்: பேபி ஆஃப் கோகிலவாணி, பெட் 7. மெமரி, ஆயிரத்து நூற்றுப் பத்து எம்பி. கண்ணெதிரிலேயே அது ஆயிரத்து நூற்றுப் பதின்மூன்று ஆயிற்று. பக்கத்தை எழுதியவன் சரியாக எழுதவில்லை, எடுத்த மெமரியைத் திருப்பித் தருவதில்லை, அதனால் நாளுக்கு நாள் வளர்கிறது. வளரட்டும் என்று விட்டிருந்தான். அவன் மகளோ தொள்ளாயிரத்துப் பத்து கிராமில் பிறந்து எண்ணூற்று அறுபதுக்கு இறங்கினாள்.

பெயர் வைக்கவில்லை. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் எல்லாம் பேபி ஆஃப் கோகிலவாணிதான், பிஞ்சுகளை எரிக்காமல் புதைக்கிற இடத்தில் ரசீது எழுதியவரும் அதையே எழுதினார். அவன் மனைவி வாணி தாராபுரத்தில் அம்மா வீட்டுக்கு வளைகாப்புக்குப் போன இடத்தில் பிரஷர் ஏறி, இருபத்தெட்டாவது வாரத்திலேயே ஆபரேஷன் பண்ணி எடுத்தார்கள். குழந்தை அன்றைக்கே ஆம்புலன்சில் கோயம்புத்தூர் வந்தது, தாய் அங்கேயே தையலோடு கிடந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம், ஒரே ஒரு ஆள் கை கழுவிக் கவுன் மாட்டிக்கொண்டு உள்ளே போகலாம். செல்போன் கூடாது, போட்டோ கூடாது. மற்ற நேரத்துக்கு ஒரு லிங்க் கொடுத்தார்கள், கண்ணாடிப் பெட்டிக்கு மேலே ஒரு கேமரா, பார்வை நேரத்தில் மட்டும் அணைத்துவிடுவார்கள், மற்றபடி ராப்பகலாக வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த லிங்க்கைத்தான் இந்த லேப்டாப்பில் திறந்தான். பிரவுசர் மெமரியை மிச்சப்படுத்துகிறேன் என்று பின்னால் இருக்கும் டேப்களைத் தூங்க வைத்துவிடுமே என்று, எப்போதும் விழித்திருக்க வேண்டிய தளங்கள் என்ற பட்டியலில் ஆஸ்பத்திரியின் பெயரை அன்றைக்கே சேர்த்தான். ரொம்பப் பொறுப்பான காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டான். சேர்த்துவிட்டு என்ன செய்தான், ஆபீஸ் பக்கத்தை அதற்கு மேலே இழுத்துப் போட்டு மறைத்தான். பார்க்க முடியவில்லை. மூக்கில் ஒரு குழாய், வாயில் ஒரு குழாய், தொப்புளில் ஒன்று, நெஞ்சு ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே குழிந்து குழிந்து வந்தது, அதைப் பார்க்கிற தைரியம் அவனுக்கு இல்லை, அவ்வளவுதான் விஷயம். ஓடிக்கொண்டிருக்கட்டும், ஓடுகிறவரை எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டான். படித்தவன் வைத்துக்கொள்கிற கணக்கா அது? மணிக்கு ஒருமுறை ஆபீஸ் பக்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கிப் பார்ப்பான், நீல விளக்கின் வெளிச்சம் தெரிந்ததும் உடனே மூடுவான். நேரில் போகும்போதும் அந்தப் பத்து நிமிஷம் முழுக்க மானிட்டரின் எண்களையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆக்சிஜன் தொண்ணூற்றொன்று, இதயம் நூற்று நாற்பத்தெட்டு. எண்கள் அவனுக்குப் பழக்கம். இப்போது கண்ணை மூடினால் எண்கள்தான் வருகின்றன, முகம் வரமாட்டேன் என்கிறது. காது எப்படி இருந்தது, தெரியாது. தலையில் முடி இருந்ததா? தொப்பி போட்டிருந்தார்கள். வாணி போனில், "ஏங்க, கேமரான்னு எதோ சொன்னாங்களாமே, எனக்கும் காட்டுங்க" என்று கேட்டபோது, "அது வேலை செய்யல வாணி, சர்வர்ல எதோ கோளாறு" என்றான். சர்வரில் ஒரு கோளாறும் இல்லை. அந்தக் குழாய்களை அவள் பார்த்தால் தாங்கமாட்டாள் என்று நினைத்தான், அல்லது அப்படி நினைத்ததாக நினைத்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை அவளை அழைத்து வருவதாக இருந்தது. குழந்தை வியாழக்கிழமை போய்விட்டது.

போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை, மத்தியானம் மூன்று மணி பன்னிரண்டு நிமிஷம். காகிதத்தில் அப்படிப் போட்டிருக்கிறது. அந்த நேரத்தில் அவன் இதே நாற்காலியில் அக்கவுண்ட்ஸ் ஜெசிந்தா மேடத்தின் கம்ப்யூட்டருக்குள் இங்கிருந்தே நுழைந்து அவருடைய டேப்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தான். லீவு எடுத்திருக்கலாம். அப்பாவாகப் போகிறவனுக்கென்று ஆபீசில் ஐந்து நாள் தருகிறார்கள், குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம், அப்போதுதான் குளிப்பாட்ட, துணி மாற்ற, வாணிக்கு ஒத்தாசைக்கு ஆள் வேண்டும் என்று பத்திரப்படுத்தி வைத்தான். அந்த ஐந்து நாளும் அப்படியே இருக்கின்றன. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது மூன்று நாற்பதுக்கு. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினவன் லேப்டாப்பை மூடவில்லை. மறுநாள் எல்லாம் முடித்து, கை மண்ணைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது டேப் பின்னால் அப்படியே இருந்தது. லிங்க்கை அவர்கள் நிறுத்தியிருப்பார்கள், படம் நகராது. ஆனால் நின்ற படம் இருக்குமே. கடைசியாக வந்த காட்சி அந்தப் பக்கத்தில் அப்படியே உறைந்திருக்கும், அவளுடைய ஒரே படம், இந்த உலகத்தில் வேறு எங்கேயும் கிடையாது. க்ளிக் செய்து முன்னால் கொண்டுவந்தால் பார்த்துவிடலாம். அங்கேதான் சிக்கல். பின்னால் இருக்கும்வரை அந்தப் பக்கம் அரைத் தூக்கத்தில் எதையோ முயன்றுகொண்டு கிடக்கும். முன்னால் வந்த நொடியில் நன்றாக விழித்துக்கொண்டு சர்வரிடம் போய் நின்று அனுமதி கேட்கும், சர்வர் அப்படி ஒரு குழந்தை இங்கே இல்லை என்று சொல்லும், திரை வெளுத்துப்போகும். பத்து வருஷ அனுபவத்தில் இதெல்லாம் அவனுக்குத் தெரியும். கண் சிமிட்டுகிற நேரம் படம் நிற்கலாம், நிற்காமலும் போகலாம். செல்போனைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு ஒரே அமுக்காக அமுக்கிப் படம் எடுத்துவிடலாம் என்று மூன்று முறை உட்கார்ந்தான், மூன்று முறையும் அமுக்காமலே எழுந்து போனான். சரி நாளைக்கு, சரி நாளைக்கு. பதினொரு நாள் இப்படி ஓடியாயிற்று, இன்றைக்கு நாலரைக்கு மேல் நாளை கிடையாது. ரீஸ்டார்ட் ஆனால் பிரவுசர் பழைய டேப்களை மறுபடி திறந்து தரத்தான் செய்யும், ஆனால் எல்லாவற்றையும் புதிதாகத் திறக்கும்.

போன் அடித்தது. ஜெசிந்தா மேடம். எடுக்காமல் விடலாம், விட்டால் மறுபடி அடிப்பார். "பூபதி, ஏனுங்க, இந்தப் பொட்டி ஆமையாட்டம் நகருதுங்க. நாலரைக்கு வேற அணைஞ்சிருமாமா?" ஜெசிந்தா மேடம் நல்லவர், அவருடைய கம்ப்யூட்டரில் எப்போதும் எண்பது டேப் இருக்கும், ஊசி நுழைய இடமிருக்காது. மூடச் சொன்னால், மூடினால் மறந்துவிடுவேன் என்பார். "மேடம், வேலை முடிஞ்ச டேப்பை மூடிருங்க. பின்னாடி இருந்தாலும் அது தின்னுட்டுத்தான் இருக்கும்" என்றான். குரல் பழக்கத்தில் தானே வந்தது. "நீங்க சொல்றது சரிதானுங்க, ஆனா ஒவ்வொண்ணும் எதுக்கோ தெறந்ததாச்சுங்களே. எதுக்குன்னு மறந்துபோச்சு, மூடவும் மனசு வரல." அவர் சிரித்தார். பிறகு சட்டென்று, "அட, கேக்கவே மறந்துட்டேன் பாருங்க. பாப்பா எப்படி இருக்கு? பெட்டியிலிருந்து எடுத்துட்டாங்களா?" என்றார். ஆபீசில் மேனேஜர் ஒருவரிடம்தான் சொல்லியிருந்தான், அவரும் யாரிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது. பூபதி சொல்ல வாயெடுத்தான். சொன்னால் அந்த அம்மாள் அழுவார், எப்போது என்பார், வியாழக்கிழமை மூணேகாலுக்கு என்று சொல்ல வேண்டும், அப்போது நாம் பேசிக்கொண்டிருந்தோமே என்பார். "எடுத்துட்டாங்க மேடம்" என்றான். பொய்யும் இல்லை. "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று அவர் மனதாரச் சொல்லி வைத்தார். பூபதி போனைக் கவிழ்த்து வைத்தான்.

மூன்று ஐம்பது. பால்கனிக் கொடியில் வாணியின் நைட்டிகள் காய்கின்றன, நாலு நைட்டி, ஒரு நாளைக்கு நாலு நனைகிறது. பால் வற்றுவதற்கு மாத்திரை தந்திருக்கிறார்கள், வற்றவில்லை. மார்பில் முட்டைக்கோஸ் இலையை வைத்துக் கட்டச் சொல்லிவிட்டு அவள் அம்மா நேற்றுத்தான் தாராபுரம் பஸ் ஏறினார். வீடு முழுக்கப் புளித்த பால் வாசம், அதோடு முட்டைக்கோஸ் வாசமும். அவள் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். பகலெல்லாம் படுத்திருக்கிறாள், தூங்குகிறாளா என்று தெரியாது, கேட்கப் பயம். குழந்தையைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, ஃபேனைக் குறைக்கட்டுமா. ஒன்பது மாதம் சுமக்க வேண்டியதை ஏழு மாதம் சுமந்தவள் ஒரே ஒரு தடவைதான் அவளைப் பார்த்தாள், அதுவும் மயக்கத்தில், துணிச்சுருளாக. அவளுக்கு அந்தப் படத்தைக் காட்ட வேண்டாமா? காட்டுவதென்றால் சொன்ன பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும். பூபதி விதிவிலக்குப் பட்டியலைத் திறந்தான். தன் மெஷின் எண்ணை அதில் டைப் அடித்தான். ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், நாலரை வரும், போகும், யாருக்கும் தெரியாது. டைரக்டரே கேட்டு இவன் மறுத்த சலுகை அது. அமுக்கினால் அப்புறம்? அடுத்த மாதம் இன்னொரு ரீஸ்டார்ட். கரண்ட் போகும், பேட்டரி சாகும், மெமரி நிரம்பி மெஷின் தானே மூச்சு முட்டி விழும். இதை எத்தனை நாள் இப்படி உயிரோடு வைத்திருப்பது? உயிரோடு என்ற வார்த்தை மனதில் வந்ததும் தன் மேலேயே அவனுக்கு எரிச்சல் வந்தது. எண்ணை அழித்தான். மறுபடி அடித்தான். ஆயிரத்து நூற்று முப்பத்தெட்டு என்றது அந்த வரி. அவள் மூச்சு விடும்போதே பார்க்காதவனுக்கு இப்போது படம் எதற்கு என்று ஒரு குரல் கேட்டது. அவனுக்காக இல்லை, வாணிக்காக என்று பதில் சொல்லிப் பார்த்தான். அந்தக் குரல் நம்பவில்லை. மறுபடி அழித்தான்.

"ஏங்க, அந்தச் சத்தம் எதுக்கு வந்துட்டே இருக்குது?"

வாணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை கலைந்து, ஒரு பக்கக் கன்னத்தில் தலையணையின் மடிப்பு அழுந்தி. நைட்டியின் மார்பு நனைந்திருந்தது.

"ஃபேனு. லேப்டாப் சூடாயிருச்சு" என்றான்.

"பத்து நாளாவே சூடா?"

நாலு மணி பதினேழு நிமிஷம். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லப்போவதில்லை. அந்தப் படத்தைப் பற்றி அப்புறம் சொல்லலாம், முதலில் பொய்யை ஒப்புக்கொண்டுவிட வேண்டும், ஒவ்வொன்றாக.

"வாணி, அந்தக் கேமரா இருக்குதல்ல. அது வேலை செஞ்சுது. நான் உங்கிட்டப் பொய் சொன்னேன்."

அவள் நாற்காலியை இழுத்தாள். தையல் இழுத்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

"தெரியுங்க."

"எப்படி?"

"ஆஸ்பத்திரி ஃபார்ம்ல நீங்கதான எம்பட நம்பரையும் எழுதியிருக்கீங்க. எனக்கும் லிங்க் வந்துச்சு. மொத நாளே, நீங்க கோளாறுன்னு சொன்ன கையோட." அவள் மேஜை மேல் சிந்தியிருந்த சோற்றுப் பருக்கை ஒன்றை விரலால் ஒற்றி எடுத்தாள். "நான் பயந்துக்குவேன்னு நீங்க சொல்லல. நான் பாத்துட்டுத்தான் இருக்கறேன்னு சொன்னா நீங்க பயந்துக்குவீங்கன்னு நானும் சொல்லல. அம்மா சோறு ஊட்டறப்பக்கூட போர்வைக்குள்ள போன வெச்சுப் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

தன் ஃபார்ம், தன் கையெழுத்து, இரண்டாவது எண்ணுக்கான கட்டம். எழுதியது ஞாபகமே இல்லை. தாராபுரத்தில் ஒரு போர்வைக்குள் அந்த நீல வெளிச்சம் ஒன்பது நாளும் எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

"மேல ஓரத்துல ஒரு கண்ணாட்டம் படம் இருக்குமல்ல," என்றாள் வாணி. "எத்தன பேரு பாக்கறாங்கன்னு அதுல நம்பர் காட்டும். எப்பப் பாத்தாலும் ரெண்டு. காலைல எந்திரிச்சுப் பாத்தா ரெண்டு. மாத்திரை போட்டுத் தூங்கி எந்திரிச்சுப் பாத்தாலும் ரெண்டு. இந்த மனுசன் தூங்கவே மாட்டாரா, ஆபீஸ் வேல பாக்க மாட்டாரான்னு நெனச்சுக்குவேன். ஒருக்காகூட ஒண்ணுன்னு வரலீங்க." அவள் நிறுத்தவில்லை. "அன்னிக்கும் பாத்தேன். மூணு மணிக்கு மேல நர்சுங்க ரெண்டு பேரு ஓடி வந்தாங்க. ஒருத்தி கைய நீட்டிக் கேமராவத் திருப்பி வெச்சுட்டா. அதுக்கப்புறம் வெறும் செவுரு. அரை மணி நேரம் அந்தச் செவுத்தையே பாத்துட்டு இருந்தேன். அப்பவும் ரெண்டுதான் காட்டுச்சு. அவரும் எந்திரிச்சுப் போவாம செவுத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கறாருன்னு... அது ஒண்ணுதாங்க எனக்கு. தனியாப் பாக்கல நானு."

செவுரு. பதினொரு நாளாகத் தொடாமல், தூங்க விடாமல், தீப்பெட்டி முட்டுக் கொடுத்து அவன் காப்பாற்றி வைத்திருந்தது ஆஸ்பத்திரியின் ஒரு சுவர். அதைப் பற்றி இனி அவளிடம் கேட்க முடியாது, கேட்டால் அவன் பார்க்கவில்லை என்று தெரிந்துவிடும். மூன்று மணி பன்னிரண்டுக்கு ஜெசிந்தா மேடத்தின் எத்தனையாவது டேப்பை மூடிக்கொண்டிருந்தான்? அந்த இரண்டில் ஒன்று ஆள் இல்லை, யாரும் பார்க்காமல் பின்னால் ஓடிக்கொண்டிருந்த ஒரு பக்கம், அவ்வளவுதான் என்று இவளிடம் எந்த வாயால் சொல்வது? சொல்ல வேண்டும். பொய்யை ஒப்புக்கொண்டு தீர்த்துவிட வேண்டும் என்றுதானே ஆரம்பித்தான். வாணி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செவுருதான்," என்றான் பூபதி. "நானும் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

அவள் தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள், கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கை சூடாக இருந்தது, காய்ச்சல் இருக்கிறதோ என்னவோ.

"புதன்கெழம கொட்டாவி விட்டாளே, பாத்தீங்களா? குழாயோடயே. ரெண்டு தடவ."

"பாத்தேன்."

"இத்துனூண்டு வாயி."

"ஆமா."

மூலையில் கட்டம் எழும்பியது. இன்னும் ஐந்து நிமிடம். இன்னும் ஒரு நிமிடம். அவன் கையை அவளிடமிருந்து எடுக்கவில்லை. திரை கறுத்தது. பதினொரு நாளாக இரைந்துகொண்டிருந்த விசிறி மெல்லத் தேய்ந்து நின்றது, தெருவில் யாரோ பிளாஸ்டிக் குடத்தை உருட்டுகிற சத்தம் திடீரென்று கேட்டது.

"நானே சொல்லிட்டு இருக்கறேன்," என்றாள் வாணி. நாற்காலியை அவன் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள். பதினொரு நாளில் முதல் தடவையாக அவள் முகத்தில் ஏதோ ஓர் ஆசை தெரிந்தது. "மாத்திரை போட்டா மத்தியானத்துல நான் அசந்துருவேன். அந்த நேரமெல்லாம் எனக்குத் தெரியாது. நீங்க பாத்தீங்கல்ல. அப்ப அவ என்ன பண்ணுனா, சொல்லுங்க."

பூபதிக்குத் தொண்ணூற்றொன்று ஞாபகம் வந்தது, நூற்று நாற்பத்தெட்டு ஞாபகம் வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. அவள் காத்திருந்தாள்.

"செவ்வாக்கெழம மத்தியானம்," என்று ஆரம்பித்தான், "நீ தூங்கியிருப்ப. எடது கையத் தூக்கி, இப்படி, கண்ணுக்குக் குறுக்க வெச்சுக்கிட்டா."